குடியைத் திடீரென்று நிறுத்தினால் வெளிச்சம் ஏன் கூசுகிறது, இல்லாத எறும்பு ஏன் தெரிகிறது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவரின் தாய்மாமன் 20 வருடமாகத் தினமும் குடிப்பவர். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் டியூப்லைட் கண்ணைக் குத்துகிறது, அணையுங்கள் என்றாராம். மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் எறும்பு சாரிசாரியாகப் போகிறது என்று துண்டால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாலைந்து நாளில் தெளிந்துவிட்டார். கண் டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்கிறார். அப்படியானால் அந்த எறும்பு எங்கிருந்து வந்தது? மூளையில் நடப்பதை அளந்து பார்க்க முடியுமா? மறுபடி வருமா?

கண் டாக்டர் சொன்னது சரி. சிக்கல் தலையின் பின்பக்கம், பிடரிக்குச் சற்று மேலே, பார்வையைக் கையாளும் மூளை மேற்பரப்பான பார்வைப் புறணியிலும் அதற்குச் செய்தி கொண்டுவரும் வழியிலும்தான். இரண்டாம் நாள் கூசியதும் மூன்றாம் நாள் எறும்பு தெரிந்ததும் வேறு வேறு நோய்கள் இல்லை. ஒரே ஏற்றத்தின் கீழ்ப்படியும் மேல்படியும்.

மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றை அடக்கி வைக்கப் பெரும்பாலும் பயன்படுத்தும் வேதிப்பொருள் காபா. தூண்டிவிடுவது குளுட்டமேட். ஆல்கஹால் உள்ளே போனால் காபாவின் பிடி இறுகுகிறது. குளுட்டமேட்டைப் பிடித்துக்கொள்ள நரம்பணுவில் இருக்கும் ஏற்பிகளில் என்எம்டிஏ என்ற வகை மட்டுப்படுகிறது. அதனால்தான் நாக்குக் குழறுகிறது, கண் சொக்குகிறது. வருடக்கணக்கில் தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. காபா ஏற்பிகளின் அமைப்பையே மாற்றி அவற்றை மந்தமாக்கிக்கொள்ளும், என்எம்டிஏ ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் முழு பலத்தோடு இழுக்கும் கயிறு இழுப்புப் போட்டிதான் அது: கயிறு அசையாமல் நிற்பதால் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். குடியை நிறுத்தும் நாளில் ஒரு பக்கம் கையை விட்டுவிடுகிறது. மறுபக்கம் எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது மூளை முழுக்க நடப்பதுதான். கை நடுங்குவதும் வலிப்பு வருவதும் இதனால்தான். ஆனால் பார்வைப் புறணிக்குக் காபா கொஞ்சம் கூடுதலாகவே தேவை. அங்கே ஒவ்வொரு நரம்பணுவும் குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் கோட்டுக்கு, குறிப்பிட்ட இடத்தில் விழும் வெளிச்சத்துக்கு என்று பிரித்துப் பதில் சொல்கிறது. அப்படிப் பிரித்துச் சொல்ல முடிவதே பக்கத்து அணுக்களைக் காபா வாயடைத்து வைப்பதால்தான். அந்த அடக்கம் தளர்ந்தால் சின்னத் தூண்டலுக்கும் பெரிய பதில் வரும், கேட்காத கேள்விக்கும் பதில் வரும். குடிநோயாளிகளின் மூளையில் பின்பகுதிக் காபா குறைந்திருப்பதை எம்ஆர்ஐ கருவியிலேயே ஒருவகை நிறமாலை முறையில் பார்த்து, 1999இல் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. ஆட்கள் குறைவு, முதற்கட்டச் சான்று என்று எழுதியவர்களே சொன்னார்கள். ஆனாலும் அவர்கள் பார்த்த இடம் இதே பின்பகுதிதான்.

அப்புறம் அளப்பது. அளக்க முடியும். 'வி.ஈ.பி.' என்று ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதித் தருவார்களே, காட்சித் தூண்டலுக்கு மூளை தரும் மின் பதில், அதுதான் கருவி. ஆளை உட்காரவைத்து, தலையின் பின்பக்கம் முடியை விலக்கி, பசை தடவி மின்முனை ஒட்டுவோம். எதிரே திரையில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். விநாடிக்கு இரண்டு தடவை கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவிலுள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். ஒரு தடவை கட்டம் மாறும்போது எழும் பதில் சில மைக்ரோவோல்ட்தான். மூளையின் மற்ற மின் இரைச்சலில் அது மூழ்கிப்போகும். அதனால் நூறு தடவைபோல மாற்றிக் காட்டிச் சராசரி எடுப்போம். இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, பார்வையின் அலை மட்டும் மெல்ல மேலே வரும். சுமார் 100 மில்லி விநாடியில் ஒரு மேடு தெரியும். அதன் பெயர் பி100. அந்த மேடு எவ்வளவு உயரம், எவ்வளவு சீக்கிரம் வந்தது என்ற இரண்டையும்தான் பார்ப்போம்.

குடித்த நிலையில் அந்த மேடு தாழும், வருவதும் சற்றுத் தாமதமாகும். நீண்ட நாள் குடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் நேர்மாறு: அலை வழக்கத்தைவிட உயரமாக எழுகிறது. பழைய இடத்துக்குத் திரும்புவதோடு நிற்காமல் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. மாமாவின் டியூப்லைட்டில் அன்றைக்குப் புதிதாக ஒன்றுமில்லை. அதே வெளிச்சத்துக்கு மூளை கொடுத்த பதில்தான் பெரிதாகியிருந்தது.

இதைத் தெளிவாகக் காட்டியவை பெரும்பாலும் எலி, குரங்கு ஆய்வுகள். 1970களில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஹென்றி பெக்லைட்டரும் பெர்னிஸ் போர்ஜெஸும் இதில் நிறைய வேலை செய்தார்கள். மனிதர்களிடம் ஏன் எளிதில் அளக்க முடிவதில்லை என்று கேட்டால், இந்த வேலை செய்பவர்களுக்குப் பதில் உடனே தெரியும். கை நடுங்குகிறது, கழுத்துத் தசை இறுகியிருக்கிறது, அந்தத் தசையின் மின்னோட்டமே பின்தலை மின்முனையில் வந்து ஏறும். புள்ளியைப் பார் என்றால் அரை நிமிடம்கூடப் பார்க்க மாட்டார். கண் புள்ளியை விட்டு அகன்றால் கட்டப் பலகை அலைக்கு மதிப்பில்லை. கண்ணை மூடினாலும் வேலை செய்யும் பளிச்சொளி முறைக்கு மாற வேண்டும், அதன் அலையோ ஆளுக்கு ஆள் வேறுபடும். அதற்குள் வார்டில் லோராசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைப் போட்டிருப்பார்கள், போடத்தான் வேண்டும். மருந்து அதே காபாவைத்தான் தூக்கி நிறுத்துகிறது, ஆக நாம் அளக்க வந்தது பாதி அடங்கியிருக்கும். ஆகவே 'மாமாவுக்கு அன்றைக்கே வி.ஈ.பி. எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா' என்றால், நோயைக் கண்டுபிடிக்க அது தேவையே இல்லை. படுக்கையருகே நாலு கேள்வி கேட்டால் போதும்.

அந்தக் கேள்விகள் சுவாரசியமானவை. குடி நிறுத்தத்தின் கடுமையை மதிப்பிட உலகம் முழுக்கப் பயன்படும் பட்டியல் ஒன்று இருக்கிறது; 1989இல் இன்றைய வடிவத்தில் வந்தது, 10 அம்சம், மொத்தம் 67 புள்ளி. அதில் பார்வைக்கென்றே ஒரு வரி. வெளிச்சம் அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருக்கிறதா? நிறம் மாறித் தெரிகிறதா? கண்ணை வலிக்கிறதா? உங்களைத் தொந்தரவு செய்கிற மாதிரி ஏதாவது தெரிகிறதா? இல்லாதது ஏதாவது தெரிகிறதா? எல்லாம் ஒரே வரியில். 1 முதல் 3 புள்ளி வரை வெறும் கூச்சம், 4இலிருந்து மாயக்காட்சி, 7 என்றால் இடைவிடாத மாயக்காட்சி. கூச்சத்தையும் எறும்பையும் ஒரே ஏணியில் வைத்தவர்கள் எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஒரு சின்னத் திருத்தம் சொல்லிவிடுகிறேன். கூச்சம் முழுக்க முழுக்க மூளையால் என்பதும் சரியில்லை. நிறுத்திய நாட்களில் உடலை உசுப்பிவிடும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் பொங்குகிறது. நாடி எகிறும், வியர்க்கும், கண்ணின் பாவையும் விரியும். விரிந்த பாவை வழியாகக் கூடுதல் வெளிச்சம் உள்ளே போகத்தான் செய்யும். கண் டாக்டர் பார்த்தபோது அது அடங்கியிருக்கும்.

சரி, எறும்பு. குடி நிறுத்தத்தில் தெரிபவை பெரும்பாலும் சிறியவை, நகர்பவை: பூச்சி, எறும்பு, எலி, பாம்பு, சில நேரம் விரல் உயர மனிதர்கள். இதன் உச்ச நிலைக்கு 'டெலீரியம் ட்ரெமன்ஸ்' என்று 1813இல் பெயர் வைத்தவர் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். வார்டில் 'டி.டி.' என்பார்கள். கடைசியாகக் குடித்ததிலிருந்து 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வருவது வழக்கம். உங்கள் மாமாவின் மூன்றாம் நாள் ராத்திரி அச்சாக அங்கேதான் விழுகிறது. கால் முறிந்து அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்தவர் மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலை விட்டு இறங்கி ஓடுவதும் இதே கணக்குதான். குடிப்பதைச் சேரும்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த நிலையில் இருப்பவரிடம் டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டுவார். ஒன்றும் எழுதாத தாள். "ஐயா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்க." அவர் தாளைத் தூரமாகப் பிடிப்பார், கண்ணைச் சுருக்குவார், பிறகு நிதானமாக வாசிக்கத் தொடங்குவார்: பட்டா எண், பேர், தேதி. இரண்டு விரலுக்கு நடுவே ஒன்றுமில்லாமல் "இந்த நூலைப் பிடிங்க" என்றால், பிடித்துச் சுருட்டவும் செய்வார். ஜெர்மானிய மருத்துவர் ஹ்யூகோ லீப்மன் 1895லேயே, இப்படிப்பட்டவர்களின் மூடிய கண்ணிமையை மெதுவாக அழுத்தினால் காட்சிகள் தோன்றுகின்றன என்று எழுதினார். கவனித்தால் மூன்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. முழுக்க வெறுமையிலிருந்து காட்சி பிறக்கவில்லை. ஒரு தூண்டல் இருக்கிறது: தாளின் வெண்மை, விரலின் அசைவு, விழியின் மேல் ஒரு அழுத்தம். சுவரில் சுண்ணாம்பு உரிந்த புள்ளிகள் இருந்திருக்கும், மின்விசிறியின் நிழல் அதன்மேல் ஓடியிருக்கும். அடக்குவாரில்லாத பார்வைப் புறணி அதைப் பெரிதாக்கிக் கொடுக்க, மூளையின் மேல்மட்டம் அதற்கு 'எறும்பு' என்று பெயர் வைத்துவிடுகிறது.

இதோடு தூக்கமும் சேர்கிறது. கனவு வரும் தூக்கத்தை மது அடக்கி வைக்கும். நிறுத்தியதும் அது கடன் தீர்ப்பதுபோல் பாய்ந்து வரும். தூங்கவே முடியாதவருக்கு அது விழிப்பிலேயே கசிந்து, எறும்பாகத் தெரிவது பாதி கனவுதான் என்ற கருத்து 1960களிலிருந்து இருக்கிறது. அடக்கம் தளர்ந்த புறணி ஒரு பக்கம், வழிமாறிய கனவு இன்னொரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்தே நடக்கிறது என்பது என் எண்ணம்.

காதில் மட்டும் குரல் கேட்பது வேறு. நிறுத்திய முதல் ஓரிரு நாளிலேயே அது வரலாம். ஆளுக்கு இடம், நாள், எதிரே நிற்பவர் யார் என்ற நினைவு தெளிவாக இருக்கும். டி.டி.யில் அந்தத் தெளிவு போய்விடுகிறது, காட்சிதான் முன்னால் நிற்கிறது.

பேய் பிடித்தது, சாமி குத்தம், மாலையைக் கழற்றியதால் வந்தது என்றெல்லாம் பேச்சு எழும். அதை நான் கிண்டல் செய்யவில்லை. மருத்துவ உலகமே நீண்ட காலம் குழம்பித்தான் கிடந்தது. சத்துக்குறைவா, மதுவிலுள்ள விஷமா, நிறுத்தியதா என்று முடிவாகவில்லை. 1955இல் அமெரிக்காவில் கென்டக்கியின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழு, முன்பு மார்பின் பழக்கம் இருந்த 10 கைதிகளுக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்தபடியே வாரக்கணக்கில் மது கொடுத்து, பிறகு நிறுத்தியது. சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கு லேசாக முடிந்தது. 48 முதல் 87 நாள் வரை குடித்தவர்களுக்கு நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, சிலருக்கு மாயக்காட்சி. சாப்பாட்டில் குறை வைக்காமலே வந்ததால், நிறுத்தியதே காரணம் என்பது உறுதியானது. கைதிகளை வைத்து இப்படிச் செய்ய இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

மினுக்கும் வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈஈஜி, அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, எடுக்கும்போது விட்டுவிட்டு மின்னும் விளக்கைக் காட்டுவோம். குடி நிறுத்தியவர்களுக்கு அதில் வலிப்பு மாதிரியான அலைகள் அடிக்கடி எழுகின்றன என்று 1950, 60களில் எழுதினார்கள். பின்னால் சிகிச்சை தொடங்காதவர்களையே எடுத்துப் பார்த்தபோது அது அவ்வளவு சாதாரணமாகத் தென்படவில்லை. டி.வி. பார்த்தால் வலிப்பு வரும் என்ற பயம் தேவையில்லை. ஆனாலும் அந்த வாரத்தில் மினுக்கும் டியூப்லைட்டை மாற்றிவிடுவது நல்லது. அறையை இருட்டாக்கவும் வேண்டாம். அரை வெளிச்சத்தில்தான் நிழலெல்லாம் உயிர் பெறும். சீரான, மிதமான வெளிச்சம், சுவரில் ஒரு கடிகாரம், கூடவே தெரிந்த முகம்: வார்டு நர்ஸ்கள் இதைத்தான் செய்வார்கள்.

இதுவரை சொன்னது முதல் 100 மில்லி விநாடி அலை. அதற்குப் பின்னால் இன்னொரு அலை இருக்கிறது, அதன் கதையே வேறு. நூற்றில் எப்போதோ ஒன்று மட்டும் மாறி வரும் படத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால், சுமார் 300 மில்லி விநாடிக்குமேல் ஒரு பெரிய மேடு எழும். பி300 என்பார்கள். பார்த்ததை 'இது முக்கியம்' என்று மூளை குறித்துக்கொள்ளும் அலை. குடிநோயாளிகளுக்கு இது தாழ்ந்திருக்கிறது. நிறுத்தினால் பி100போல உயரத் துள்ளவில்லை, மாதக்கணக்கில் குடிக்காமலிருந்தாலும் தாழ்ந்தே கிடக்கிறது. குடியால் வந்த சேதம் என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். 1984இல் அதே பெக்லைட்டர் குழு, குடிநோயாளித் தகப்பன்மாரின் மகன்களை எடுத்து அளந்தது. ஒரு சொட்டும் குடித்தறியாத சிறுவர்கள். அவர்களுக்கும் அந்த அலை தாழ்ந்திருந்தது.

ஆக ஒரே ஆளின் பார்வைப் பதிலில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, குடி நிறுத்திய வாரத்தில் பொங்கி அடங்குவது. மற்றது, குடிக்கும் முன்பே குடும்பத்தில் ஓடியது. பெக்லைட்டர் முன்னின்று 1989இல் தொடங்கிய பெரிய குடும்ப மரபணு ஆய்வு, 2004இல் காபா ஏற்பி மரபணு ஒன்றைக் குடிநோயோடு தொடர்புபடுத்தியது. எந்தக் காபாவில் பேச்சைத் தொடங்கினோமோ அதே காபா. பி300 தாழ்ந்த சிறுவர்கள் எல்லோரும் குடிநோயாளி ஆவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அதை ஜாதகம்போல் யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

மறுபடி வருமா? மாமா திரும்பக் குடித்து, திரும்பத் திடீரென்று நிறுத்தினால் வரும், முன்னைவிடக் கடுமையாக வர வாய்ப்பும் உண்டு. ஒவ்வொரு நிறுத்தமும் அடுத்ததற்கு நரம்புகளைப் பழக்கிவிடுகிறது என்ற கருத்தை 1978இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் பாலஞ்சரும் போஸ்ட்டும் முன்வைத்தார்கள். வருடத்துக்கொரு தடவை விரதத்துக்காக நிறுத்தி, முடிந்ததும் தொடங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெக்லைட்டர், போர்ஜெஸ் எலி ஆய்விலும் ஒரு விஷயம் உண்டு. நடுக்கமெல்லாம் அடங்கி வாரங்கள் ஆன எலிக்கு ஒரே ஒரு தடவை மது கொடுத்தார்கள். அந்த மது உடலைவிட்டு இறங்கும்போது, பழக்கமில்லாத எலியில் காணாத அளவுக்கு மூளையின் தூண்டல் பதில் பொங்கியது. வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே மிச்சம் இருந்தது. 'ஒரு நாள்தானே, ஒரு கட்டிங்தானே' என்று மாமாவின் கூட்டாளிகள் சொல்லும்போது இது உங்களுக்கு உதவலாம்.

இதை ஊரே பார்த்தது 2020இல். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடின. பக்கத்து மாநிலங்களிலும் அதே நிலைமை. பெங்களூரு மருத்துவமனைகளுக்கு வலிப்போடும் குழப்பத்தோடும் குடி நிறுத்தச் சிக்கல்கள் கூடுதலாக வந்ததைப் பதிவுசெய்து அங்குள்ள மருத்துவர்கள் அதே ஆண்டே கட்டுரை எழுதினார்கள்.

மாலை போடுவதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பலருக்கு அதுதான் நிறுத்துவதற்கான முதல் பிடி. தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்கி ஒரு வாய் போட்டால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், முன்பு வலிப்பு வந்தவர் மட்டும், மாலைக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். டயசெபாம், லோராசெபாம் வகை மருந்தைக் கூட்டிக் கொடுத்துச் சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டவருக்கு எது என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதீர்கள். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி. குழப்பத்தோடு கண் பக்கவாட்டில் திரும்பாமல் நின்றாலோ, கருவிழி தானாகத் துடித்தாலோ, நடை தள்ளாடினாலோ அது தயமின் குறைவால் வரும் வெர்னிக்கே நோயாக இருக்கலாம்; தாமதித்தால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும். நிறுத்தியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் டி.டி. வரும், ஆனால் அதைக் கவனிக்காமல் விட்ட காலத்தில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். காய்ச்சல், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத பேச்சு, இதில் எது வந்தாலும் 108. மருத்துவமனைக்குப் போகும் முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலிமானஸ் எண் 14416.

கண் சம்பந்தமாக இரண்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குடித்த சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள், பனிமூட்டம்போல எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது குடியை நிறுத்தியதால் வருவதில்லை. மெத்தனால் கலந்த சரக்கின் வேலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தது இதனால்தான். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பையே தாக்கும். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று மெதுவாக வருவது. வருடக்கணக்கான குடி, சத்துக்குறைவு, கூடவே பீடி சிகரெட் சேர்ந்தால் பார்வை நரம்பு மங்கும். படிக்கும்போது நடுவில் மட்டும் தெளிவில்லாமல் இருக்கும், சிவப்பு வெளிறித் தெரியும். மாமா தெளிந்து சில வாரமான பிறகும் அப்படிச் சொன்னால், நிறப் பார்வைச் சோதனையும் ஒரு வி.ஈ.பி.யும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கை நடுக்கம் நின்றிருக்கும், புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியும். இப்போது எடுக்கும் அலையை நம்பலாம். பி100 தாமதமாக வந்தால் வைட்டமின் சிகிச்சையை உடனே தொடங்குவார்கள், சீக்கிரம் பிடித்தால் பார்வை பெருமளவு திரும்புகிறது.